கூடுதல் வரி கேட்ட மாப்பிள்ளை

"எழுதிக் கொடுத்த வருமானம் பத்தாது. மூணு மடங்காக் கூட்டிப் போடணும்," என்றான் நௌஃபல்.

வரி அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மாள் ஆச்சரியப்படக்கூட இல்லை. மேலாகவே வைத்திருந்த ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். அரசாங்க அலுவலகத்தில் இத்தனை சுறுசுறுப்பா என்று அவன்தான் வாயைப் பிளந்தான்.

நௌஃபல் ஏசி மெக்கானிக். சூஸ் நகரத்துக் கடற்கரை ஓட்டல்களைப் பதினான்கு வருடமாகக் குளிர வைத்துக்கொண்டிருப்பவன். வரி என்பது மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று அதுவரை நிம்மதியாக இருந்தான். அந்த நிம்மதி ரௌதாவால் போயிற்று. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், இல்லாத தலைவலிக்கு ஒரு வருடம் மாத்திரை வாங்கிய பிறகு, தைரியம் வந்து பெண் கேட்கப் போனான்.

அவள் அப்பா ஷத்லியை ஊரே மரியாதைக்கு 'சி' சேர்த்து சி ஷத்லி என்று கூப்பிடும். குஸ்குஸ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் சொன்னார், வீடு வேண்டாம், கார் வேண்டாம், போன வருட வரிக் கணக்கு தாக்கல் செய்த காகிதம் ஒன்று போதும் என்று. முப்பத்தெட்டு வயதுக்காரனுக்கு இது பெரிய தள்ளுபடியாகத்தான் தெரிந்தது.

உண்மை வருமானத்தை எழுதுகிறவன் பைத்தியக்காரன் என்று நண்பர்கள் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கை எழுதினான். சி ஷத்லி அதை இரண்டு தடவை படித்தார்.

"எட்டாயிரம் தினார். இதுல என் பொண்ணு வளக்குற பூனைகூட உடம்பு தேறாது, தம்பி."

அதனால்தான் இன்று இந்தக் கவுண்டர். இருபத்துநாலாயிரம் என்று உள்ளதை உள்ளபடி எழுதி, அதற்கு அபராதத்தையும் ஏற்றுக்கொண்டு, காகிதத்தோடு ஓடினான். இந்தத் தடவை பேரீச்சம்பழமெல்லாம் வந்தது. ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு பெரியவர் கேட்டார்.

"பதினாலு வருஷமாத் தொழில் பண்றீங்க. போன வருஷந்தான் சம்பாதிக்க ஆரம்பிச்சீங்களா?"

அவர் அதற்கு முந்தைய நான்கு வருடக் கணக்கும் கேட்டார். அவன் நான்கு வருடக் கணக்கும் கொடுத்தான். அப்போது அவர், தாக்கல் செய்வதை எவனும் செய்வான், பணம் கட்டிய ரசீது எங்கே என்றார்.

வரி கட்டுவதற்காக, வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்த வேனை விற்றான். வேன் போனதும் பெரிய ஓட்டல் வேலைகளும் போயின. கேஸ் சிலிண்டரும் ஏணியுமாகப் பேருந்தில் ஏறினால் நடத்துனர் இறக்கிவிட்டார். வேன் விற்ற பணமும் வரிக்குப் போதவில்லை. ரௌதாவுக்கென்று வாங்கி வைத்திருந்த தங்க வளையலை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் விற்க மனம் வராமல், மருந்துக்கடைக்குப் போனான்.

அவள் வளையலை ஒரு தடவை கையில் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள்.

"போனாப் போகுது, வித்துடுங்க. அப்பா கேக்குறதைக் கொடுத்துடுங்க, நௌஃபல். எனக்கும் வயசு ஏறிக்கிட்டே இருக்கு."

இவளுக்காக இன்னொரு நான்கு வருடத்துக்கும் வரி கட்டலாம் என்று நினைத்தான். நினைத்தானே தவிர, விற்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

வியாழக்கிழமை கடைசிக் காசையும் கட்டினான். முத்திரை குத்துகிற இடத்தில் ஒரு வயதான குமாஸ்தா, ரசீதுகளைப் புரட்டிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். கையில் காசில்லாவிட்டாலும் நௌஃபலுக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாண விஷயம், மாமனார் கேட்டிருக்கிறார் என்று தானாகவே சொன்னான்.

"முதல்ல ஒரு வருஷம், அப்புறம் நாலு வருஷம், கடைசியா ரசீது. அப்படித்தானே?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொண்ணு மருந்துக்கடையில இருக்கா?"

நௌஃபல் தலையை மட்டும் ஆட்டினான். குமாஸ்தா நிதானமாக முத்திரையை மையில் ஒற்றி, ஐந்து ரசீதிலும் குத்தி, அடுக்கிக் கொடுத்தார்.

"எங்க பழைய மேலதிகாரி சி ஷத்லி ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, தம்பி. ஆனாலும் வருஷத்துக்கு ரெண்டு மாப்பிள்ளையாவது அனுப்பி வச்சிடுறாரு. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னா எங்க வசூலே படுத்துடும்."