பதினெட்டுப் பேரும் ஓர் எக்ஸ்ரே வண்டியும்

எங்கள் பகுதியில் எனக்கு மைக் கொடுக்கமாட்டார்கள். எழுதி வைத்த தடை எதுவும் இல்லை. கொடியேற்றமானாலும் சரி, கோயிலில் கூழ் ஊற்றுவதானாலும் சரி, நான் மேடைப் பக்கம் நடந்தால் யாராவது ஒருவர் எழுந்துபோய் மைக்கைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வார். நியாயம்தான். என் குரலை அவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, தினமும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (அடுத்தவர் செய்த பிழை. நான் செய்ததைக் கண்டுபிடிக்க ஒரு ஊரே தேவைப்பட்டது.) ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கான வாட்ஸ்அப் குழுவை நடத்துவேன். எந்த லைனுக்கு எந்த நாள் தண்ணீர், கரண்ட் எப்போது போகும், கொசுப்புகை வண்டி எத்தனை மணிக்கு வரும், எந்தத் தெரு நாய் இப்போது கடிக்கிறது, சொட்டு மருந்து எங்கே என்று எல்லாம் எண் போட்டு வரும். பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறவர்களை இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகு நீக்கிவிடுவேன். ஊரில் எனக்கு 'சிஸ்டம் பாப்பா' என்று பெயர். அதைப் பாராட்டு என்றே நம்பியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் என் அப்பா இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தார். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை பூமிக்கு அடியில் வேலை செய்தவர் அப்பா. பிறகு பெங்களூரில் ஒரு கட்டடத்துக்குக் காவலாளி. இருமல் அதிகமானதும் அந்த வேலைக்கும் போகவில்லை.

"தூசிமா. சயனைடு மேட்டுத் தூசி. காத்து திரும்புனா நின்னுடும்," என்பார். (தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் மேடு அது.)

காற்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டது. இருமல் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் அதைத் தேதியோடு குறித்து வைத்திருந்தேன். எக்ஸ்ரே எடுக்கலாம் என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். மாற்ற முடியாத ஒரு நாள் சொன்னார்: "என்கூட கீழ ஒரே லெவல்ல வேல செஞ்சவங்க ஆறு பேரு படம் எடுக்கப் போனாங்க. ஒருத்தனும் சிரிச்சிகினு திரும்பி வரல. நான் போவல."

இந்த நிலையில்தான் எங்கள் பகுதியின் ஆஷா சுகாதாரப் பணியாளர் மஞ்சுளா அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தார். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வண்டி ஒரே ஒரு நாள் மைதானத்துக்கு வருகிறது. வீடு வீடாகப் போய், ரொம்ப நாளாக இருமுகிறவர்கள் பதினெட்டுப் பேரை எழுதி வைத்திருந்தார். அதில் அப்பாவும் உண்டு. போன முறை வண்டி வந்தபோது ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் வண்டியைப் பார்க்க வந்தவர்கள்.

"இந்த வாட்டியும் ஆளு வரலேனா வண்டி வேற ஊருக்குப் போயிடும்மா," என்றார் மஞ்சுளா அக்கா. "அப்பால நான் யாரைக் கேக்கறது?"

பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன்.

பட்டியலில் இருந்தவர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் இல்லாதவர்கள், அல்லது அதில் என்னால் நீக்கப்பட்டவர்கள். ஆகவே ஒலிபெருக்கி. எந்த ஆட்டோ என்பதை ஆராய்ந்தேன். துணிக்கடை ஆட்டோ வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தேர்தல் ஆட்டோ வந்தால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். ஆனால் ஏழுமலை அண்ணனின் ஆட்டோ வந்தால் குழாயை மூடுகிறார்கள், டிவியை ஊமையாக்குகிறார்கள், குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வருகிறார்கள். நோட்டில் 'ஏழுமலை – கவனம் நூற்றுக்கு நூறு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஏன் நூற்றுக்கு நூறு என்பதை எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் ஊருக்குச் சொல்வது அந்த ஆட்டோதான். இது எனக்குத் தெரியாததல்ல. பிறந்ததிலிருந்து தெரியும். ஆராய்ச்சிக்குத் தேவைப்படாத தகவல் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து, என்ன சொல்வது. நோய் விவரம் அந்தரங்கமானது, வெளியே சொல்லக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் இருமல் என்ற சொல்லை எடுத்தேன். எக்ஸ்ரே என்ற சொல்லையும் எடுத்தேன். (பெயர்களை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.) பட்டியலில் முருகேசன் மட்டும் மூன்று பேர் இருந்ததால் குழப்பம் வராமல் ஒவ்வொருவருக்கும் தகப்பனார் பெயர், வேலை செய்த மைன், லைன் வீட்டு எண் எல்லாம் சேர்த்தேன். 'சுகாதார முகாம்' என்ற தலைப்பு வாக்கியம் முச்சந்தியில் ஒரு தடவை போதும், அதையே ஒவ்வொரு லைனிலும் சொல்வது நேர விரயம், லைன்களுக்குள் பெயர்கள் மட்டும் ஓடட்டும் என்று முடிவு செய்தேன். அட்டவணையை அச்சடித்தால் தலைப்பு முதல் தாளில் மட்டும் வருமே, அப்படி.

நிதானமாக, உணர்ச்சி கலக்காமல் படித்துப் பதிவு செய்தேன். கடைசியில், "இடம், சமுதாயக் கூடத்துக்கு எதிரில் உள்ள மைதானம். நேரம், காலை பதினொரு மணி. தவறாமல் வரவும். ஆதார் அட்டை அவசியம்."

பென் டிரைவைக் கொடுத்தபோது ஏழுமலை அண்ணன் கேட்டார். "ஏம்மா, முன்னாடி நம்ம ஷெனாய் மியூசிக் வேணுமா, வேணாமா?"

"இருக்கட்டும் அண்ணா. அப்பத்தான் எல்லாரும் கவனிப்பாங்க."

"பதினெட்டா?"

"ஆமாண்ணா. வரிசைப்படி."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. "நான் ஓட்டறதோட சரிம்மா. காது குடுத்துக் கேட்டா வண்டி ஓட்ட முடியாது," என்று முன்பே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

முகாம் நாள் காலை நான் எழுந்தபோது அப்பா வீட்டில் இல்லை. வண்டி வரும் நாளென்று தெரிந்து நழுவிவிட்டார். திரும்பி வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போவதென்று தீர்மானித்து, மைதானத்துக்குப் போய் நாற்காலி போட்டேன், கயிறு கட்டினேன், டோக்கன் கிழித்தேன். வேலை கெடக் கூடாதென்று போனைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்திருந்தேன்.

பத்தரைக்கு ஒருவர் மாலையோடு வந்தார். டாக்டருக்கு என்று நினைத்து, "அந்த மேஜையில வைங்க, இன்னும் வரல," என்றேன். தலையைக் குனிந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார். பின்னால் இன்னும் மூன்று மாலை. பிறகு ஒரு கூட்டமே ஏழு மாலையோடு. சுகாதாரத் துறைமேல் எங்கள் மக்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சு நிறைந்து, நோட்டில் 'மாலை – 11' என்று குறித்தேன்.

பக்கத்தில் இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வேன் கவுந்துடுச்சாம். திருப்பதி போற வழியில."

"பதினெட்டு பேரும் ஒரே வேனாக்கா?"

"பின்ன."

"ஆதார் இன்னாத்துக்குக் கேக்கறாங்க?"

"இப்போ எல்லாத்துக்கும்தான் கேக்கறான். இதுக்கு மட்டும் உட்ருவானா."

பாவம், எங்கோ விபத்து போலிருக்கிறது, உறுதி செய்துகொண்டு குழுவில் போட வேண்டும் என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பங்காருப்பேட்டையிலிருந்து சரோஜா அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் ஒரே தங்கை. அவிழ்ந்த கொண்டை, கையில் ஆள் உயர மாலை. "அண்ணா, என்ன உட்டுட்டுப் போயிட்டியே," என்று அழுதுகொண்டே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏம்மே, உங்கப்பன எங்க வெச்சிகீறீங்க?"

"அப்பா இன்னும் வரல அத்தை."

"இன்னா?"

"அவருக்குப் பதினொண்ணு நாப்பதுக்குத்தான். ஏழாவது டோக்கன்."

அத்தை அழுகையை நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்தாள். "பாத்தீங்களா இத. பெத்த அப்பன் செத்துக் கெடக்கான், இவ டோக்கன் கிழிச்சிகினு கீறா."

காலையில் நான் எழுவதற்கு முன்பே போனவர். பெல்ட்டில் இரண்டு ஓட்டை. மைதானம் முழுக்க மாலை. சில நொடிகள், மெய்யாகவே, அப்பா இறந்துவிட்டார் என்று நம்பினேன். கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மைதானத்து ஓரம் ஷெனாய் அழுதது. அதைத் தொடர்ந்து ஒரு பெண்குரல், ஐஸில் வைத்தது போல: "ஏழு. கோவிந்தசாமி. தகப்பனார் பெயர் சின்னப்பையன். மைசூர் மைன்."

என் குரல்.

ஓடிப்போய் ஆட்டோவை மறித்தேன். ஏழுமலை அண்ணன் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, "நீ குடுத்ததத்தாம்மா போட்டேன். மூணு ரவுண்டு ஆயிடுச்சி," என்றார்.

அதற்குள் இறந்தவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு முருகேசன். "யாரு என்ன சாவடிச்சது? இட்லி துன்னுகினு கீறேன், மச்சான் வந்து காலத் தொட்டுக் கும்பிடறான். மூணு முருகேசன்ல எந்த முருகேசன் செத்தான்னு என் வூட்டாண்ட சண்ட நடக்குது."

"மூணு பேருமேதான் மாமா," என்றேன். (சரியான விவரம் கொடுத்துப் பழகிய வாய்.)

அடிக்க வந்தவரை மஞ்சுளா அக்கா குறுக்கே நின்று தடுத்தார். அடுத்தடுத்து வந்தவர்களையும் அவர்தான் சமாளித்தார். "சண்ட போடறவங்க எல்லாம் இப்பிடி லைன்ல நில்லுங்க. ஆதார கையில வெச்சிக்குங்க." கோபத்தில் நின்றாலும் வரிசை வரிசைதானே. ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் பெயர்களுக்கு டிக் அடித்துக்கொண்டே போனார்.

கடைசியாக வந்தார் அப்பா. கீழ் லைன் சலூனிலிருந்து நேராக வந்திருந்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது, இன்னொன்றில் நுரை. அத்தை மாலையாலேயே அவரை நாலு அடி அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டு முதலில் அழுததைவிட அதிகமாக அழுதாள்.

அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லா நிறுத்தி நிறுத்திப் படிச்சேம்மா," என்றார். பிறகு குரல் இறங்கியது. "சலூன்ல எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. பேரு, அப்பன் பேரு, மைன், லைன். கீழ பாறை வெடிச்சா ஷாஃப்ட் வாசல்ல இப்பிடித்தான் படிப்பாங்க. நீ பொறக்கறதுக்கு முன்னாடி. என் பேரு வந்தப்ப நானும் எழுந்துதான் நின்னேன்."

எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். அவர் நுரையைத் துடைத்த கையால் என் தலையைத் தடவிவிட்டு, எல்லாரும் பார்த்திருக்க, அமைதியாகத் திரும்பி வெளியே நடந்தார். எக்ஸ்ரே வண்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்ததை நாங்கள் எல்லாரும் பார்ப்பதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டிருந்தார்.

"எங்க போற?" என்றாள் அத்தை.

"ஷேவிங் பாதியில கீது சரோஜா."

"எக்ஸ்ரேல தாடி தெரியாது. பங்காருப்பேட்டைலேர்ந்து மாலையோட வந்துகீறேன். சும்மா திரும்பிப் போக மாட்டேன். ஒண்ணு உன்ன சுடுகாட்டுக்குத் தூக்கணும், இல்ல அந்த வண்டிக்குத் தூக்கணும். எதுன்னு நீயே சொல்லு."

அப்பா கூட்டத்தைப் பார்த்தார். அழுது களைத்த சுமார் நூறு பேர், ஏதாவது ஒன்றைத் தூக்காமல் போகமாட்டோம் என்பதுபோல நின்றிருந்தார்கள். "சரி. இன்னிக்கு ஒருவாட்டி செத்தாச்சி. இதுக்கு மேல படத்துல இன்னா தெரிஞ்சிடப் போவுது," என்று படியேறினார்.

உள்ளே டெக்னீஷியன், "மூச்ச இழுத்து அப்படியே நிறுத்துங்க," என்றது கேட்டது.

"நிறுத்தச் சொல்லாதப்பா," என்று அத்தை வெளியிலிருந்து கத்தினாள். "இப்பத்தான் கெடச்சிகீறாரு."

பதினெட்டுப் பேருக்கும் படம் எடுத்தாயிற்று. துக்கத்துக்கு வந்தவர்களில் இருமியவர்களையும் மஞ்சுளா அக்கா விடவில்லை. மாலைகளை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போகக் கூடாது என்று பெண்கள் சொன்னதால், அத்தனையையும் எக்ஸ்ரே வண்டியின் முகப்பில் கட்டி அனுப்பினோம். டிரைவர் மிகவும் மகிழ்ந்து, இந்த ஊர் மாதிரி வராது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அப்பாவின் நுரையீரலில் ஒரு நிழல் இருந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். ஆறு மாதம் மாத்திரை. சுவரில் நான் கட்டம் போட்டு ஒட்ட, அப்பா ஒவ்வொரு நாளும் பேனாவால் அடித்துவந்தார். பெல்ட்டில் பழைய ஓட்டைக்கே திரும்பினார். பதினெட்டுப் பேரில் இன்னும் இரண்டு பேருக்கும் அதே நோய் இருந்தது, குணமானது. அவர்கள் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த அளவுக்காவது தேறியிருக்கிறேன். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டபோது பதினேழு வீட்டிலும் திட்டினார்கள், பதினேழு வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள்.

அந்தப் பதினெட்டுப் பேருக்கும் இன்றைக்கும் ஊரில் 'செகண்ட் ஷிஃப்ட்' என்றுதான் பெயர். மஞ்சுளா அக்கா இப்போது எந்த முகாமுக்கும் ஆள் தேடுவதில்லை. "வரலேனா சிஸ்டம் பாப்பாகிட்ட பேரு குடுத்துடுவேன்," என்கிறார். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து நிற்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எதையும் மறைக்கக் கூடாது என்பது அத்தையின் கொள்கை. காப்பி வருவதற்குள், "எங்கண்ணன ஒரு நாளு சாவடிச்சி, ஆறு மாசம் மாத்திரை குடுத்து எழுப்பி வுட்டவ இவதான்," என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டாள். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும் ஒரு மாசமா இருமல் கீதும்மா. படம் எடுத்துக்கறேன். பேரு மட்டும் படிச்சிடாத."

இன்று அவர் என் மாமனார். ஒரு மாத இருமல் வெறும் புகையிலை என்று தெரிந்து, அதையும் விட்டாயிற்று. எங்கள் வீட்டில் யாருக்காவது தொண்டை கரகரத்தால் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் பேனாவைத் தேடுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பிவிடுகிறார்கள்.