சிப்பாய்களைக் குளிப்பாட்டிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், மகள், தங்கள் பிள்ளை மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது தாங்கள் அறிந்ததே. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். மரியாதைக் குறைவாக ஏதாவது வந்தால் அது எழுதுகிற கையின் தவறு என்று கொள்ளவும். இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதினாளா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

விஷயம் இதுதான். மாப்பிள்ளை என்னோடு பேசுவதில்லை. நான் எதிரே நிற்கும்போதே, "உங்கப்பாவை ஃபேனை நிறுத்தச் சொல்லு" என்று மகளிடம் சொல்கிறார். நானும் விடாமல், "நிறுத்தியாச்சுன்னு சொல்லும்மா" என்கிறேன். அவளுக்குத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கழுத்து சுளுக்கிவிட்டது. தாங்கள் ஒரு நடை வந்து எங்களைச் சமாதானம் செய்து வைக்க வேண்டும். நடந்ததைச் சொன்னால்தான் நியாயம் புரியும்.

தங்கள் பிள்ளை ஆபீஸ் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிப்பாய்ப் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். ஒரு சிப்பாய் என் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. அதற்குக் கண்ணில் கருவிழி வைக்கிறார் சம்பந்தி, நாலே மயிர் உள்ள பிரஷ்ஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு. எதிரே உட்கார்ந்து நானும் மூச்சைப் பிடிப்பேன். "யாருக்கு மாப்பிள்ளை இதெல்லாம்?" என்று கேட்டேன். "எனக்குத்தான் மாமா. மேஜைமேல ரெண்டு பக்கமும் பட்டாளத்தை நிறுத்தி, டேப்பால அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடணும்." "ஜெயிச்சா?" "சந்தோஷம்." "தோத்தா?" "வீட்டுக்கு வந்து அடுத்த பட்டாளத்துக்குப் பெயிண்ட் அடிக்கணும்." "ஜெயிச்சா மட்டும் அடிக்க மாட்டீங்களாக்கும்." சிரித்தார். அதுவரைக்கும் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

அப்புறம்தான் அவர் செய்த வேலை எனக்குப் புரியவே இல்லை. பொத்தான் வரைக்கும் பளபளவென்று முடித்த ஆளை எடுத்து, ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒற்றிப் பெயிண்ட் பெயர்ந்த மாதிரி ஆக்குகிறார். இரும்புத் தொப்பிக்குத் துரு வைக்கிறார். பழுப்புப் பொடியைத் தொட்டுக் கால்சட்டை முழுக்கச் சேறு பூசுகிறார். நான் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் டெப்போவில் பஸ் கழுவினவன், எனக்குப் பொறுக்குமா? "ஏன் மாப்பிள்ளை, கல்யாணத்துக்குக் கிளம்பினவனைப் புடிச்சுச் சாக்கடையில தள்றீங்க?" என்றேன். அவர் நிமிராமல் சொன்னார், "சுத்தமா இருந்தா அவன் பெட்டியிலேர்ந்து இறங்கினவன் மாமா, எங்கேயும் போகாதவன். அழுக்கு இருந்தாத்தான் நடந்து வந்தவன்."

இது என்னைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் அழுக்கைக் கழுவிவிட்டால் அவன் நடந்து வந்ததெல்லாம் இல்லையென்று ஆகிவிடுமா? நான் கழுவின பஸ் எல்லாம் எங்கேயும் போகாத பஸ்ஸா? தெரிஞ்சுக்கணும்னு ஆசை வந்துடுச்சு. மாப்பிள்ளை ஆபீஸ் போனதும் ஒரே ஒருத்தனை எடுத்துச் சோப்புத் தண்ணியில முக்கி, பழைய பல் பிரஷ்ஷால தேச்சேன். மேலே இன்னும் வார்னிஷ் அடிக்கலையாம், பொடியெல்லாம் கரைஞ்சு ஓடிடுச்சு. புதுசா வந்தவன் மாதிரி முழிச்சான். திரும்பத் தட்டுல வரிசையில வச்சா அவன் மட்டும் தனியாத் தெரியறான், மாப்பிள்ளை கண்டுபிடிச்சிடுவாரேன்னு பக்கத்துல நின்னவனையும் தேச்சேன். இப்ப ரெண்டு பேர் தெரியறாங்க. அதுக்காக இன்னும் நாலு பேர். அப்புறம் அழுக்கா இருக்கறவன்தான் தனியாத் தெரிஞ்சான், அவனை விட்டா நல்லாவா இருக்கும்? ஒருத்தன் துப்பாக்கி கையோட வந்துடுச்சு, ஒட்டினேன், இப்ப அவன் தன்னையே குறி பாக்கறான். காய வைக்க ஜன்னல்ல நிறுத்தினேன், காத்து அடிச்சுக் கொடிக்காரன் கீழ்வீட்டம்மா துணி அலசற வாளியில விழுந்துட்டான். அவங்க மாடியேறி வந்து, "இது யாரு, உங்க வீட்டு ஆளா?" ன்னு கேட்டுக் குடுத்துட்டுப் போனாங்க.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். "குளிச்சாங்க" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

வர்ற ஞாயித்துக்கிழமை அவர் முதல் தடவையா வெளியாட்களோட ஆடப் போறாராம். இந்தப் பட்டாளத்தை மழைக்காலம் பூரா உட்கார்ந்து செஞ்சது அதுக்காகத்தானாம். மறுபடி அழுக்குப் போடலாம்னா, யாருக்கு எங்கே போட்டோம்னு அவருக்கே நினைப்பில்லையாம், ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற. எனக்கு நினைப்பிருக்கு சம்பந்தி. படுத்துச் சுடறவனுக்கு ரெண்டு முழங்கையிலயும் சேறு, வயித்துல இல்ல. வயர்லெஸ் தூக்கினவனுக்கு இடது தோள்ல வார் உரசிப் பெயிண்ட் தேஞ்சிருக்கும். தண்ணிக் குடுவைக்காரனுக்கு வலது பூட்ஸ்ல மட்டும் சேறு, எங்கேயோ ஒத்தைக் காலை விட்டிருக்கான். கேட்டாத்தானே சொல்றதுக்கு? கேக்காம நானாப் போய்ச் சொன்னா, கழுவினதும் இல்லாம வாயைப் பாருன்னு ஆகாதா? ஆகவே தாங்கள் தாமதியாமல் வரவும். பெற்றவர் சொன்னால் கேட்பார்.

தங்கள் இருவருக்கும் என் கும்பிடு. மாப்பிள்ளை கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவருக்கு என் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைக்கவும். எழுதியது சரியா என்று மகளைப் படித்துக் காட்டச் சொன்னேன். அவள் அடுத்த அறைக்கும் சேர்த்துப் படித்துவிட்டாள். மாப்பிள்ளை தட்டோடு வந்து நின்று, "உங்கப்பாகிட்ட கேளு, வயர்லெஸ்காரனுக்கு இடது தோளா?" என்றார். மகள் கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்பவே இல்லை. அவரே என் பக்கம் திரும்பி, "மாமா, நிஜமாவே இடதா?" என்றார். இப்போது நான் சொல்ல, அவர் பூச, பாதிப் பட்டாளம் அழுக்காகிவிட்டது. ஆகையால் தாங்கள் வர வேண்டாம், சமாதானத்துக்கு இங்கே நேரமில்லை. பழுப்புப் பொடி மட்டும் தீர்ந்துபோய்விட்டது. பூந்தொட்டி மண்ணை வைத்துப் பார்த்தோம், சேற்றில் நடந்தவன் மாதிரி இல்லை, சேற்றில் நட்டு வைத்தவன் மாதிரி இருக்கிறான். தங்கள் வீட்டு வாசல் மண் நல்ல சன்னமாக இருக்கும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். சலித்து ஒரு பொட்டலம், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்து சேரும்படி அனுப்பவும். தெருவில் உட்கார்ந்து எதற்கு மண் சலிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பட்டாளம் காத்துக்கொண்டு நிற்கிறது, தள்ளிப் போங்கள் என்று சொல்லிவிடுங்கள்.