அரபி பேசுவோருக்கு மட்டும்

இணையத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவோரை அளந்து சொல்ல, பொதுநலன் கருதி பூனாவின் விமான் நகரில் ஒரு மையம் திறக்கப்பட்டது. அளப்பது என்று முடிவான பிறகே யாரை அளப்பது என்ற கேள்வி எழுந்தது. மொழி தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று மேலிடம் அஞ்சியதால், அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாத மொழியாகத் தேடி அரபியைப் பிடித்தார்கள். பூனாவில் படிக்க வந்திருக்கும் அரபுநாட்டு மாணவர்களும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

இயக்குநர் பாஸ்கர், கோயம்புத்தூர்க்காரர். மொழிபெயர்ப்புக்கு, அதே ஊரில் எங்கள் கோர்படி வட்டாரத்து அப்துல் காதரை அமர்த்தினார். காதர் பாய் குவைத்தில் லாரி ஓட்டியவர். விலை பேசவும் திட்டவும் வேண்டிய அரபி அவரிடம் தாராளமாக உண்டு.

மாட்டிக்கொண்டவன் ஏமன் தேசத்துச் சலீம். வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கு நிக்காஹ். பெண் ஏடனில், மாப்பிள்ளை பூனாவில். விமான டிக்கெட்டுக்கு வழியில்லாமல் வீடியோ காலில் ஏற்பாடு. மையம் 'மிகை' என்று முத்திரை குத்தினால் அவனுக்கு நெட் கிடையாது, நிக்காஹும் கிடையாது.

உங்கள் இணையப் பழக்கத்தைப் பற்றி வீட்டார் குறைப்படுகிறார்களா என்று, 'அளவுகோல்' எனப்பட்ட மையத்தின் கேள்வித்தாள் கேட்டது. அம்மா தினமும் அழுகிறாள் என்றான் சலீம். முழு மதிப்பெண் விழுந்தது.

"சார், இவன் போன் பண்றதில்லைன்னுதான் அந்தம்மா அழுறாங்க," என்றார் காதர்.

"குறைன்னா குறைதானுங்க பாய். எதுக்குக் குறைன்னு கேக்க அளவுகோல்ல எடமில்லீங்க."

நெட் இல்லையென்றால் மனம் பதறுமா என்றதற்கு, வெள்ளிக்கிழமையை நினைத்தால் பதறும் என்றான். அதற்கும் முழு மதிப்பெண். பயந்துபோய், மீதிக் கேள்விகளுக்கெல்லாம் 'ஒருபோதும் இல்லை' என்றான். மறைத்தல் என்பது நோயின் முற்றிய நிலையாகையால், அதற்கு இரட்டிப்பாகப் போட்டார்கள்.

சிகிச்சை அன்றே தொடங்கியது. சலீமை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் இணையத்தைத் தொடவில்லை என்று மேலிடத்துக்கு நிரூபிக்க வேண்டுமே? ஆகவே ஒரு கேமராவை மாட்டி, ராப்பகலாக அவனை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பினார்கள்.

இதற்குள் பெண்வீட்டார் வேறு மாப்பிள்ளை பார்ப்பதாகக் காதருக்குத் தகவல் வந்தது. சலீம் சோற்றைத் தொடவில்லை. காதர் பேசாமல் நேரலையின் லிங்க்கை ஏடனுக்கு அனுப்பிவைத்தார்.

வெள்ளிக்கிழமை பெண்வீட்டார் மாப்பிள்ளையைத் தெள்ளத் தெளிவாகப் பார்த்தார்கள். இங்கே காதர் தன் போனில் ஏடனிலிருந்த காஜியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி அறைக்குள் நுழையப் போனார். பாஸ்கர் வழிமறித்தார்.

"என்னங்க பாய் இது? நோயாளிக்கு நெட் ஆகாதுங்களே."

"நெட்டு என் போன்ல இருக்கு சார். உங்க அளவுகோல் அரபி பேசுறவங்களுக்குத்தானே?"

"நீங்களும் பேசறீங்களே?"

"நீங்க சம்பளம் குடுத்தாப் பேசுறேன். வீட்ல தமிழ்தான்."

பாஸ்கர் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். வீட்டில் அரபி பேசுவோரை மட்டுமே அளக்கலாம் என்றிருந்ததால், பாய் சொன்னது செல்லும். நோயாளி போனைத் தொடாமல் காதால் மட்டும் கேட்கலாம் என்று அனுமதி வழங்கப்பட்டது.

காஜி கேட்டார். சலீம் கண்காணிப்புக் கேமராவைப் பார்த்து, ஏற்றுக்கொண்டேன் என்றான். ஏடனில் போட்ட குலவை விமான் நகர் லிஃப்ட் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். நேரலையைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை கண்டு மேலிடம் பூரித்தது. போனையே தொடாத சலீமுக்குப் பூரண குணம் என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள்.

அத்தனை நாளும் கோர்படியில் நாங்கள் வேறு வேலை பார்க்கவில்லை. சலீம் கொட்டாவி விட்டதைக்கூட விடாமல் பார்த்தோம். எங்கள் ரயில்வே காலனியில் குழாய்த் தண்ணீர் வந்து போனது யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் பருப்பு தீய்ந்து புகை வந்தபோது, என்ன பார்க்கிறீர்கள் என்று திட்ட வந்த என் வீட்டுக்காரி, நிக்காஹ் முடியும்வரை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மையத்தின் இறுதி அறிக்கை நேற்று வெளியானது. இந்நகரில் நோய் கண்டவர் ஒருவரே, அவரும் குணமடைந்துவிட்டார். எங்கள் யார் வீட்டிலும் அரபி பேசாமல் இருந்தது ஆண்டவன் செயல்.