ஸ்டேடியா அண்ணாச்சி கல்யாணம்

கோவில்பட்டியில் மழையை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு. தீப்பெட்டியை நம்பிப் பிழைப்பவர்களும் உண்டு. லத்தீன் பன்மையை நம்பி வாழ்ந்தவர் எனக்குத் தெரிந்து ஸ்டேடியா அண்ணாச்சி ஒருவர்தான்.

தீப்பெட்டிக் கம்பெனியில் எனக்கு அடுத்த மேஜை. வெளிநாட்டுக்கு ஈமெயில் அடிப்பது அவர் வேலை. "நம்ம ஊருக்கு ரெண்டு ஸ்டேடியம் வேணும்" என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் போதும், "ரெண்டுன்னா ஸ்டேடியால்லா!" என்று பாய்வார். ஒரு கேக்டஸ், பல கேக்டை. ஒரு சிலபஸ், பல சிலபை. "ஏலே, அவிய வாராவ" என்று ஒருவன் குரல் கொடுத்தால் டீக்கடையே காலியாகிவிடும்.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவருக்குக் கடம்பூரில் பெண் அமைந்தது. கல்யாணமும் அங்கேதான். எங்களை அழைத்துப்போக வண்டி அனுப்புவது பெண் வீட்டார் பொறுப்பு.

விடிந்ததும் கம்பெனி வாசலில் பட்டும் மல்லிகையுமாகக் கூட்டம் காத்து நின்றது. வந்தது ஓர் ஆட்டோ. அதிலிருந்து இறங்கிய பெண் வீட்டுக்காரர் இரண்டு பெரிய கட்டைப்பைகளை மாப்பிள்ளையிடம் நீட்டினார். வாய்வரைக்கும் போளி.

"பஸ்ஸு எங்கய்யா?" என்றேன்.

"பஸ்ஸா? மாப்ள போன்ல, 'ரெண்டு பை அனுப்புங்க, பெரிசா இருக்கட்டும்'னுதான சொன்னாவ?"

எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம்.

"ஒரு பஸ்ஸு... ரெண்டு பை... அதான முறை" என்றார், சுருதி இறங்கி.

அவர் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, முகூர்த்தம் தப்பிரும்லா!"

கடைசியில் முதலாளி லாரியைக் கொடுத்தார். தீப்பெட்டிப் பண்டல்களை இறக்கிவிட்டு நாங்கள் ஏறினோம். வழியெல்லாம் போளி தின்றுகொண்டே போனோம். டிரைவர் பக்கத்தில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி மட்டும் ஒரு போளியையும் தொடவில்லை.

தாலி எப்படியோ நேரத்துக்குக் கட்டியாயிற்று. ஆனால் மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. "மாப்ளைக்குப் புத்தி சரிதானா?" என்று பெண் வீட்டில் ஒருத்தர் கேட்டது மேடைவரைக்கும் கேட்டது. அண்ணாச்சி தலை தொங்கிவிட்டது.

அப்போது மணப்பெண் மெதுவாக அவர் பக்கம் சாய்ந்தாள்.

"அப்ப ஆக்டோபஸுக்கு என்ன சொல்லணும்? ஆக்டோபையா?"

அத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் தானாக வந்து ஒரு பன்மை கேட்டதில்லை. அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"இல்ல... அது கிரேக்கச் சொல்லு. ஆக்டோபோடீஸ்." நன்றாக அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏன்னு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். எங்களில் ஒருவரும் நகரவில்லை. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றோம்.