நாற்பத்தேழாம் மாடியின் ஒரே குறை

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்ததே, என்றாவது ஒருநாள் நாற்பத்தேழாம் மாடியில் தங்குவதற்காகத்தான். இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆறு நாள் அங்கே ஓசியில் தங்கியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

எங்கள் 'விடுதித் தகுதி ஆய்வுக் குழு'வில் மூன்று பேர். தலைவர், ஒரு 'வல்லுநர்', நான். எதில் வல்லுநர் என்று அவரை நான் கேட்டதில்லை. அவரும் என்னைக் கேட்டதில்லை. அந்த ஆடம்பர விடுதியில் தங்கலாமா, வேண்டாமா என்று நாட்டுக்கு அறிவிப்பது எங்கள் கடமை. அதற்காகக் குடும்பத்தைத் துறந்து, மெத்தையில் புரண்டு, உடலை வருத்திக்கொண்டோம்.

குளியலறையில் பதினோரு குழாய்க் குமிழ்கள். பதினொன்றையும் திருகினோம். காற்று வந்தது. நீரேற்றும் மோட்டாருக்கு நாற்பதாம் மாடிக்கு மேல் தெம்பு இல்லையாம்.

"இதைக் குறையா எழுதலாமா சார்?" என்றேன்.

"இதெல்லாம் ஒரு குறையாய்யா? மேனேஜர் நமக்கு இன்னும் ரெண்டு நாள் சேர்த்துக் குடுத்திருக்காரு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்," என்றார் தலைவர்.

தண்ணீர் வாளியில் வந்தது. அறை சுத்தம் செய்யும் அக்காதான் தூக்கி வந்தார். வேலையாட்களின் லிப்ட் நாற்பதோடு நின்றுவிடும். விருந்தினர் லிப்டில் வாளி ஏறினால் விடுதியின் மானம் கப்பலேறிவிடும். ஆகவே மீதி ஏழு மாடிக்கும் படிதான். நாளொன்றுக்குப் பன்னிரண்டு வாளி. வல்லுநர் இரண்டு வேளையும் குளிப்பவர்.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்கக்கா," என்றேன் பெருந்தன்மையோடு.

"வேணாம் தம்பி. எம்மேல ஒரு புகார் வந்தாப் போதும், வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவரு இடுப்பொடிஞ்சு படுத்திருக்காரு. இந்த வேலை போனா அடுப்பு எரியாது."

"நாங்க அப்படியெல்லாம் எழுதுவோமாக்கா?"

மனசு கனத்துப் போயிற்று. ஒரு வாளி ஊற்றிக்கொண்டதும் லேசாகிவிட்டது.

நான்காம் நாள் அறிக்கை எழுத உட்கார்ந்தோம். 'தங்கத் தகுந்ததா?' என்ற கட்டத்தில் 'மிகவும்' என்று எழுதியாயிற்று. அடுத்த கட்டம் 'குறைகள்'. அதைக் காலியாக விட்டால் மேலிடம் எங்கள் நேர்மையைச் சந்தேகிக்கும். ஒரு குறையாவது காட்டியே ஆகவேண்டும்.

"தண்ணி வரலை?" என்றேன்.

"மேனேஜர் மனசு புண்படும்."

"ஜன்னல் ஒண்ணுகூடத் திறக்கலை?"

"கட்டினவர் மனசு புண்படும்."

வல்லுநர் நான்கு நாளில் முதல் முறையாக வாயைத் திறந்தார். "அந்தம்மா வாளியை வெக்கும்போது மூச்சு வாங்குது சார். என் மத்தியானத் தூக்கம் கெடுது."

"பாத்தியா, இதுல யாரு மனசும் புண்படலை," என்றார் தலைவர், கண் கலங்கி.

கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன்: 'பணியாளர் மூச்சு விடும் ஓசை விருந்தினருக்குக் கேட்கிறது.'

விடுதியின் சுறுசுறுப்பை மெச்ச வேண்டும். காலையில் அறிக்கை போயிற்று. மத்தியானத்துக்குள் குறையைக் களைந்துவிட்டார்கள். துணிப்பையும் கையுமாக அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"யாரு தம்பி எழுதினது?"

"குழு எழுதுச்சுக்கா."

"குழுன்னா யாரு?"

பதில் சொல்லத் தலைவரைத் தேடினேன். அவர், அக்கா காலையில் கொண்டுவந்து வைத்த கடைசி வாளியில் குளித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு புதுப் பெண் வாளி தூக்கி வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வைத்துவிட்டுப் போனாள். வல்லுநர் நிம்மதியாகத் தூங்கினார்.

அங்கே தங்கலாமா என்று இன்னும் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், தாராளமாகத் தங்குங்கள். எங்களைப் போல் வெட்கங்கெட்டவர்களுக்கு அந்த விடுதியில் ஒரு குறையும் இல்லை.