கண்ணாடிக்கடைக்காரர் கண்டுபிடித்த காட்டுப்பூனை

கண்ணாடிக்கடைக்காரர் குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். அவருடைய மகத்தான முடிவுகள் எல்லாம் தலையில் சோப்பு நுரை இருக்கும்போதுதான் பிறக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதால் அவற்றின் லட்சணமும் அப்படியே இருக்கும். இன்றைய முடிவு இது: கொல்லையில் ஒன்று கோழி இருக்க வேண்டும், இல்லை அவர் இருக்க வேண்டும்.

மனைவியிடம் இதை இப்படியே சொல்லலாம்தான். சொன்னால் இரண்டில் எதைக் கழித்துக்கட்டுவாள் என்பது அவருக்கே தெரியும்.

விஷயம் என்னவென்றால், அவருடைய சிநேகிதர் பல் டாக்டர், தன் வீட்டில் இடம் போதவில்லை என்று ஒரு மேசைப்பந்து மேசையை இவர் தலையில் கட்டிவிட்டார். அது கூடத்துச் சுவரில் வராத விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல் சாய்ந்து நிற்கிறது. பிரித்துப் போடக் கொல்லையை விட்டால் வேறு இடமில்லை. கொல்லை நடுவில் கோழிக்கூண்டு. அதை எடுக்கச் சொல்லி அவர் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

"எதுக்கு எடுக்கணும்?"

"உடம்புக்கு ஒரு பயிற்சி வேணாமா?"

"சாப்பிட்ட தட்டைக் கழுவி வைங்க. பயிற்சிதான்."

"இது விளையாட்டு. உனக்குப் புரியாது."

"பந்து கீழ விழுந்தா யாரு குனிஞ்சு எடுக்கிறது? உங்க வயிறு விடுமா? கோழியாவது முட்டை போடுது. நீங்க போடறது குறட்டை ஒண்ணுதான்."

கெஞ்சி நடக்காததை மிரட்டி நடத்த அவருக்குத் தைரியம் போதாது. அதனால் மிரட்டும் வேலையை ஒரு மிருகத்திடம் ஒப்படைத்தார். மிருகம் கைவசம் இல்லை. செய்துகொண்டார்.

விடியற்காலையில் நடைப்பயிற்சி என்று சொல்லிக் கொல்லைக்குப் போனார். ஈரமண்ணில் வலது உள்ளங்கை மேட்டை அழுத்தினார். மேலே விரல் நுனிகளை வைத்தார். போதாதென்று, மூக்குக்கண்ணாடிக்குத் திருகு முடுக்குகிற ஊசி போன்ற திருப்புளியால் ஒவ்வொரு விரலுக்கும் நீளநீளமாக நகம் கீறினார். இப்படியே வேலியிலிருந்து கூண்டு வரைக்கும். பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இவருடைய பொய்க்கு நாலு கால் இருந்தது. நாலும் வலது கால்.

"இங்க வந்து பாரு! கூண்டுகிட்ட என்னமோ வந்திருக்கு!"

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கீரியா இருக்குமோ?"

"கீரின்னா கழுத்தைக் கடிச்சு அங்கேயே போட்டுட்டுப் போயிடும். நாய்னா கூண்டையே பிரிச்சு எறிஞ்சிருக்கும். இது சத்தமில்லாம வந்து ஆழம் பார்த்துட்டுப் போயிருக்கு. காட்டுப்பூனை! நகத்தைப் பார்த்தியா?"

அவள் குனிந்து பார்த்தாள். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பூனை என்று ஒன்றை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தவருக்குக்கூட இது தெரியும். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனிதருக்குத் தெரியவில்லை.

"அய்யய்யோ," என்றாள் அவள், நிதானமாக. "இப்ப என்னங்க பண்றது?"

"கோழியையெல்லாம் கொடுத்துடறதுதான் நல்லது. பாவம், வாயில்லா ஜீவன்."

"யோசிக்கிறேன்."

மறுநாள் காலை புள்ளிக்கோழியைக் காணோம். கூண்டு வாசலில் இறகு சிதறிக் கிடந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மிச்சக் கோழிகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். அடுத்த நாள் இன்னும் இரண்டைக் காணோம். அதோடு, அவர் பதிக்காத கால்தடங்கள். இவர் செய்ததைவிடப் பெரியவை.

"நீங்க சொன்னது அச்சு அசல் சரிங்க," என்றாள் மனைவி. "என்னமா கண்டுபிடிச்சீங்க!"

பாராட்டு கேட்டு இவ்வளவு வியர்த்த மனிதர் வேறு எவரும் இருக்க முடியாது. அது பொய், நான்தான் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. பொய் எப்படிக் கோழி தின்னும்?

அந்த வாரக் கடைசியில் கூண்டு காலி. கொல்லை இப்போது அவருடையது. துள்ளிக் குதித்திருக்க வேண்டியவர், பின்கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றார்.

"மேசையைப் போட்டுக்குங்களேன்," என்றாள் அவள்.

"போடலாம், போடலாம்."

"குனிஞ்சு பந்து எடுக்கும்போது மட்டும் பின்னால ஒரு கண்ணு வச்சுக்குங்க. ருசி கண்ட மிருகம். கோழி இருந்தாக் கூண்டைச் சுத்தும். இல்லேன்னா வீட்டைத்தானே சுத்தும்? இந்தக் கதவுத் தாழ்ப்பாள் வேற ஆடுது."

அவர் பல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"காட்டுப்பூனையா? எனக்கு இந்த மாசம் முழுக்க வேலைப்பா," என்று அவர் வைத்துவிட்டார். புலியின் பல்லையும் பிடுங்குவேன் என்று மார்தட்டுகிற ஆசாமி.

"இப்ப என்னதான் பண்றது?" இந்த முறை கேட்டது அவர்.

"கூண்டை அசைக்க முடியாத மாதிரி கட்டிடணும். ஒரு தடவை முட்டி மோதிப் பார்த்துட்டு இந்தப் பக்கமே தலை வைக்காது. நீங்க கூண்டைக் கட்டுங்க. கோழிக்கு நான் வழி பண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் மண்வெட்டி பிடித்தார். மிருகம் அடியில் தோண்டி வராதபடி பள்ளம் வெட்டிக் கம்பிவலையைப் புதைத்தார். அவள் நிழலில் மோடா போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா."

"போதும், முதுகு விட்டுப்போச்சு!"

"உங்க இஷ்டம். அது நீங்க படுக்கிற பக்கத்து ஜன்னல் வழியாத்தான் வரும்."

இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டினார். புதுக் கூண்டு பழையதைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக எழுந்தது. மேலே மூடப் பலகை இல்லை.

"கூடத்துல ஒரு பலகை இருக்கே, பச்சையா," என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். பிறகு தானே உள்ளே போய் மேசையைத் தூக்கிவந்து, தன் கையாலேயே ஆணி அடித்தார். கூரை அமர்க்களமாக இருந்தது. நடுவில் வெள்ளைக்கோடு வேறு.

அவள் எழுந்து, ஒரு கிண்ணத்தில் தானியத்தை எடுத்துத் தட்டினாள். "பா... பா... பா..."

பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவின் கொல்லைக்கதவு திறந்தது. முதலில் புள்ளிக்கோழி வந்தது. பின்னாலேயே மற்றதெல்லாம் விருந்துக்குப் போய்விட்டு வருகிற சம்பந்தி வீட்டார்போல் அசைந்து அசைந்து வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. கொஞ்சம் பெருத்திருந்தன.

"அக்கா, போட்ட முட்டையெல்லாம் நான் எடுத்துக்கிட்டேன், சொல்லிட்டேன்!" என்று தையற்காரம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "அண்ணே, கூண்டு பிரமாதம்! எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு காட்டுப்பூனை பிடிச்சுக் குடுங்களேன். வீட்டுல நிறைய வேலை கிடக்கு."

கண்ணாடிக்கடைக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். கோழிகள் ஒவ்வொன்றாக மேசைக்கு அடியில் புகுந்தன.

"அப்போ... அந்த மிருகம்?"

அவள் கூண்டின் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

"கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. அதுக்குச் சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்."