பக்கத்தில் நின்றவர்

'பக்கத்தில் நின்றவர்' என்று உலகத்தில் ஒரு இனம் உண்டு. பெரிய மனிதர் கண்ணை மூடிய பிறகுதான் இவர் முளைப்பார். அவர் உயிரோடு இருந்த காலத்தில் இவரை அந்தத் தெருவிலேயே யாரும் பார்த்ததில்லை. வருஷம் ஏற ஏற இவர் அவரை நெருங்கிக்கொண்டே போவார்.

லெனின்கிராடில் ஒரு ஸ்டூடியோவில் புரட்சி வீரர் வெரேஸினின் வாழ்க்கையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஆலோசகராக வந்து சேர்ந்த போர்ஃபீரி லூகிச் இந்த இனத்தில் அசல் சரக்கு. வெரேஸின் வேஷக்காரர் ஒட்டுத்தாடியோடு கேன்டீனுக்குள் நுழைந்தால் இவர் முட்டைகோஸ் சூப்பை அப்படியே விட்டுவிட்டு விறைப்பாக எழுந்து நிற்பார். இவர் நின்றபின் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா, எல்லோரும் எழுவார்கள். எல்லோரும் எழுந்தபின் வேஷக்காரர் கையை உயர்த்தாமல் இருக்க முடியுமா, உயர்த்துவார். அதற்குள் அவருடைய கட்லெட் ஆறிப்போகும். அதோடு விடுவாரா? "அவரு டீயை இப்படி உறிஞ்ச மாட்டாரு" என்று காதோரம் ஒரு திருத்தமும் சொல்வார்.

உண்மையில் இவர் கண்டது என்ன? வெரேஸின் ஒரு வண்டிமேல் நின்று பேசிய ஆலைவாசல் கூட்டத்தன்று, வேலிக்கு அப்பால், கடைசியில் நின்றார். 'தோழர்களே' என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்தது. மீதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.

ஆனால் நேரில் கண்ட சாட்சி என்பதால்தானே தனிச் சமையலறையோடு வீடு கிடைத்தது? அண்டை வீட்டாரோடு ஒரே அடுப்புக்கு மல்லுக்கட்டிய மனைவி கபிடோலினா, இப்போது நிம்மதியாக உருளைக்கிழங்கு வறுக்கிறாள். அந்த அடுப்புக்காகவாவது அவர் முன்னால் நகர வேண்டாமா?

நகர்ந்தார். இயக்குநர் ரிம்மா ஒஸிபோவ்னா அலுத்துப்போனாள்.

"போர்ஃபீரி லூகிச், போன வாரம் ஆலை வாசல்கிட்ட நின்னீங்க. இப்ப வண்டிமேலயே ஏறிட்டீங்க. அடுத்த வாரம் பேச்சையும் நீங்களே பேசிடுவீங்களோ?"

"மழை பெஞ்சுது ரிம்மா ஒஸிபோவ்னா. அவரு தொப்பியைக் கழட்டி யாருகிட்ட குடுத்தாருன்னு நெனைக்கிறீங்க?"

ஆக, இளவயது போர்ஃபீரியாக நடித்த பையனை வண்டிமேல் ஏற்றினார்கள். ஒருபுறம் வெரேஸின், மறுபுறம் அவருடைய உயிர்த்தோழர் சாவின், நடுவே தொப்பியோடு நம்மவர். காட்சி பிரமாதமாக வந்தது.

ஒருநாள் காலைப் பத்திரிகையில், சாவின் மக்கள் விரோதி என்று போட்டிருந்தது.

மேலிடத்திலிருந்து தோல் கோட்டுக்காரர் ஒருவர் வந்து படத்தைப் போட்டுப் பார்த்தார்.

"சாவினைப் பாத்துப் பல்லைக் காட்டுறாரே, அந்த ஆளு யாரு?"

ரிம்மா நல்லவள், வாயைத் திறக்கவில்லை. ஆனால் அறையிலிருந்த அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஆயுளில் முதல்முறையாக, போர்ஃபீரி லூகிச் உண்மை பேச வேண்டியதாயிற்று.

"நான் வண்டிப் பக்கமே போகல தோழர். வேலிக்கு அந்தாண்ட, ரொம்பப் பின்னால நின்னேன்."

"பின்னாலயா? சரி. யாரு பக்கத்துல?"

"ஒரு குதிரை பக்கத்துல."

"யாரோட குதிரை?"

சிரிக்க வந்த எனக்கே அந்த இடத்தில் பாவமாகிவிடுகிறது.

படம் வெளிவந்தது. கொட்டுகிற மழையில் வெரேஸின் தன் தொப்பியைத் தானே பிடித்துக்கொண்டு தனியாகப் பேசுகிறார். ஜனங்கள் எங்கோ தூரத்தில் நிற்கிறார்கள். வண்டியில் குதிரைகூட இல்லை. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"இதுல நீங்க எங்க?" என்றாள் கபிடோலினா இருட்டில்.

"நான் இல்ல" என்று நிம்மதியாகச் சொன்னார் போர்ஃபீரி லூகிச். கழுத்து தப்பியது, வீடு போயிற்று. கபிடோலினா மறுபடி பொது அடுப்பில் வரிசை நிற்கிறாள். அந்த வீட்டில் இப்போது, மழையில் வெரேஸினுக்குக் குடை பிடித்தவர் குடியிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு பெரிய மனிதர் தோளை உரசிக்கொண்டு நீங்கள் நிற்கிற போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறதே, வருகிறவர்களையெல்லாம் அதற்கு நேராக உட்காரவைத்துக் காப்பி கொடுப்பீர்களே, அவர் நலம்தானே? இன்றைய பேப்பர் பார்த்துவிட்டீர்களா?